இசையமைத்தவர் பெயரையும் சொல்லுங்கள்: வீடியோ கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நிண்டெண்டோ, கேப்காம், கொனாமி, ஸ்கொயர் எனிக்ஸ் முதலிய ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனங்களில் இசை உரிமைகளைக் கவனித்துவரும் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்கள் நிறுவனங்களோடு எனக்கு எந்தத் தொழில் தொடர்பும் கிடையாது. சிறுவயதில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் உங்கள் இசையைக் கேட்டு வளர்ந்த எத்தனையோ பேரில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்களுக்கு எழுதும் மடலைத் தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் உங்களிடம் கேட்கப்போவது தமிழ் நேயர்களுக்கு நெடுங்காலமாகப் பழகிப்போன ஒரு மரியாதை. அதைத் தமிழில் கேட்பதே முறை என்று தோன்றியது.

எங்கள் ஊர் கும்பகோணம். என் அம்மா காலைச் சமையலை இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையோடும், அது சரியாக எடுக்காத நாள்களில் விவிதபாரதியோடும் முடிப்பார். பாட்டு தொடங்குவதற்கு முன் படத்தின் பெயர், பாடலை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று அறிவிப்பாளர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பாட்டை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களும் ஊர்களும்கூட அந்த வரிசையில் வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கும் எந்தப் பாட்டு யாருடைய இசை என்பது தெரிந்திருந்தது என்றால் அதற்கு அந்த அறிவிப்புகளே காரணம். முன்னிசையின் முதல் இரண்டு வினாடிகளிலேயே இசையமைப்பாளரை அடையாளம் சொல்லிவிடுவதை எங்கள் தெருவில் யாரும் பெரிய சாமர்த்தியமாகக் கருதியதில்லை.

அதே வீட்டில், 1990களின் நடுப்பகுதியில், இன்னொரு பெட்டி வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து வந்த மாமா வாங்கிவந்த அந்தப் பெட்டியை நாங்கள் 'டிவி கேம்' என்போம்; அதில் செருகும் பொருளுக்குக் 'கேசட்' என்று பெயர். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியை யாரோ பார்த்துச் செய்த நகல் அது என்பதோ, கேசட்டில் இருந்தவை அனைத்தும் திருட்டுப் பிரதிகள் என்பதோ எங்களுக்குத் தெரியாது. அட்டையில் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபதைத் தாண்டாது. நகல் எடுத்தவர்கள் முதலில் வெட்டி எறிந்தது முகப்புத் திரையை. நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அதோடு போயின. இசை மட்டும் ஒரு சுரம் குறையாமல் எங்கள் கூடத்துக்கு வந்துசேர்ந்தது. ஆக, வானொலியில் கேட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் தெரிந்த வீட்டில், அதைவிட நூறு மடங்கு அதிகமாகக் கேட்ட மெட்டுகளுக்கு மட்டும் பெயர் தெரியாமல் இருந்தது. அவற்றை மனிதர்கள் இயற்றியிருப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. ஃபேன் ஓடும்போது வரும் சத்தத்தைப் போல அதுவும் பெட்டியின் சத்தம் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பின்னாளில் படித்தபோதுதான் எனக்கு வியப்பு தட்டியது. ஃபேமிகாமின் ஒலிச்சில்லில் ஐந்தே ஐந்து குரல்கள்: சதுர அலை வகையைச் சேர்ந்த இரண்டு, முக்கோண அலை ஒன்று, வெறும் இரைச்சல் ஒன்று, பதிவு செய்த சிறு ஒலித்துணுக்குகளுக்காக ஒன்று. முக்கோண அலையின் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒலிக்கும் அல்லது ஒலிக்காது, அவ்வளவே. சதுர அலையின் அகலத்தைக் குறுக்கினால் அது மூக்கால் பாடத் தொடங்கும். கோயில் வாசலில் நாகசுரம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த ஒலி ஏன் அந்நியமாகப் படவில்லை என்பதற்கு இதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும், அதாவது எட்டு உலகங்களும் எல்லா எதிரிகளும் எல்லா மெட்டுகளும் சேர்த்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. இன்று கைபேசியில் எனக்கு வரும் காலை வணக்கப் படம் ஒவ்வொன்றும் அதைவிடப் பெரியது.

அந்த 40 கிலோபைட்டுக்குள் கோஜி கோண்டோ செய்தது சாதாரண வேலை அன்று. அவர் நிண்டெண்டோவில் சேர்ந்தது 1984இல். மாரியோ ஓடும் வேகத்துக்கும் தாவும் உயரத்துக்கும் மெட்டு ஒத்துப்போக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். முதலில் எழுதிய மெட்டு அசைவோடு சேரவில்லை என்று மாற்றி எழுதினார். நிலத்தின் மேலே துள்ளலான நடை, நிலத்தின் கீழே பதுங்கிப் பதுங்கி வரும் சில சுரங்கள், நீருக்குள் மூன்றடித் தாளத்தில் ஓர் ஊசல். கடிகாரத்தில் நூறுக்குக் கீழே எண் இறங்கியதும் அதே மெட்டு துரித காலத்துக்குத் தாவும்போது என் கை வியர்த்ததைப் போலப் பிற்காலத்தில் எந்தக் கச்சேரியிலும் வியர்த்ததில்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. குரல்கள் குறைவு என்பதால் மாரியோ தாவும்போது எழும் ஓசை, இசைக்குரிய குரல்களுள் ஒன்றை ஒரு நொடிக்குப் பிடுங்கிக்கொள்ளும். நான் எத்தனை முறை தாவினேனோ அத்தனை முறை மெட்டில் ஒரு துளை விழும். எங்கே விழும் என்பது என் விரலைப் பொறுத்தது. பெரிய வாத்தியக் குழுக்கள் அதே மெட்டை அழகாக வாசிப்பதைக் கேட்கிறேன். ஆனாலும் நாணயம் எடுக்கும் ஓசை விழவேண்டிய இடத்தில் விழாதபோது எனக்கு ஏதோ பல் விழுந்த இடம்போல் இருக்கிறது.

இந்த இசை ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். திரைப்பாடல் நான்கு நிமிடத்தில் முடியும்; கச்சேரி மங்களத்தோடு முடியும்; வீடியோ கேமின் இசை நாம் தோற்கும்போது முடியும். அது சுற்றிச் சுற்றி வரும்படி எழுதப்பட்டது. அதற்கென்று முடிவு கிடையாது. அதை நிறுத்துவது நம் தவறு. ஆகவே ஒருவருக்கு அந்தப் பாட்டு எவ்வளவு நீளம் என்பது அவருடைய திறமையைப் பொறுத்தது. காண்ட்ரா விளையாட்டின் மூன்றாம் கட்டத்தில் ஓர் அருவியின்மேல் ஏறிப் போக வேண்டும். அந்த இடத்தின் இசையின் தொடக்கத்தை நான் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். பிற்பகுதியை என் அத்தை மகன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்க முடிந்தது. ஒரே பாட்டு அவனுக்கு முழுதாகவும் எனக்குப் பாதியாகவும் நினைவிலிருக்கிறது. அவன் இப்போது துபாயில் இருக்கிறான். எங்களிடையே பேச்சு குறைந்துவிட்டது. சென்ற பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது நான் அந்த மெட்டின் முதல் அடியை முணுமுணுக்க, அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே மீதியை முடித்துவைத்தான். அந்த விளையாட்டின் 1988ஆம் ஆண்டு ஃபேமிகாம் வடிவத்துக்கு இசைப் பணி செய்தவர்களுள் ஹிடேனோரி மயேசாவா ஒருவர் என்பதை எங்கள் இருவருக்கும் நாற்பது வயதில்தான் தெரிந்துகொள்ள வாய்த்தது.

இங்கேதான் என் முறையீடு தொடங்குகிறது. உங்கள் துறையில் பெயர்கள் எங்கே வைக்கப்பட்டிருந்தன என்று பாருங்கள். கடைசி எதிரியைக் கொன்ற பிறகு, விளையாட்டின் இறுதியில், கறுப்புத் திரையில் அவை மேலேறும். ஜெயித்தவனுக்கு மட்டுமே அவை தெரியும். என்னைப்போல மூன்றாம் கட்டத்தில் தோற்பவனுக்கு இசையமைத்தவர் யாரென்று சொல்ல யாருமில்லை. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் அதுகூட இல்லை. இளவரசி நன்றி சொல்வதோடு சரி. பெயர் இருந்த இடங்களிலும் அது பெரும்பாலும் உண்மையான பெயராக இருக்கவில்லை. திறமையானவர்களைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துக்கொண்டுவிடும் என்ற அச்சத்தால் அக்காலத்தில் புனைபெயர்களையே அனுமதித்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கொனாமியின் இசைக்குழுவுக்குச் 'சதுர அலைக் கழகம்' என்று பொருள்படும் குகேய்ஹா கிளப் என்ற கூட்டுப்பெயரே பல வெளியீடுகளில் நின்றது. அழகான பெயர்தான், ஆனால் அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது சொல்லாது.

இந்தப் புனைபெயர்களால் மறைந்தது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1986இல் வந்த காசில்வேனியாவின் இசை, பேய் மாளிகைக்குள் சாட்டையோடு நுழைபவனுக்குப் பயத்தைவிடத் துணிச்சலைக் கொடுக்கும் இசை. அதன் பெயர்ப் பட்டியலில், பழைய திகில் படங்களின் இசையமைப்பாளர் ஒருவருடைய பெயரைத் திரித்து, ஜேம்ஸ் பனானா என்று போட்டிருக்கும். அந்த வாழைப்பழத்துக்குப் பின்னால் இருந்தவர் கினுயோ யமாஷிதா, கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு வந்த இளம்பெண். அவரோடு சதோயே தெராஷிமாவும் பங்களித்தார். 1987இல் வந்த முதல் மெகா மேன் விளையாட்டின் இசை மனாமி மட்சுமயே இயற்றியது. அங்கே அவர் பெயர் சஞ்சகோரின் மனாமி. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் தகாஷி தடேய்ஷி ஒகெரெட்சு குன் ஆனார். ஒலி நிரல் எழுதிய யோஷிஹிரோ சகாகுச்சி 'யூகிச்சானின் அப்பா' ஆனார். பிள்ளையின் பெயரைச் சொல்லித் தகப்பனை அழைக்கும் வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு என்பதால் இந்தக் கடைசிப் பெயரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகு தோன்றியது வேறு. என் பிள்ளைப்பருவத்தின் பாதி மெட்டுகளைப் பெண்கள் இயற்றியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. என் தங்கைக்கும் தெரியாது. டிவி கேம் ஆண்பிள்ளைகளுக்கான சாமான் என்று சொல்லி அவள் கையிலிருந்து நான் பிடுங்கிக்கொண்ட நாள்களில், அந்தப் பெயர்கள் திரையில் ஒழுங்காக ஓடியிருந்தால் அவளிடம் ஒரு நல்ல பதில் இருந்திருக்கும்.

யோகோ ஷிமோமுராவின் கதையும் அப்படியே. ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ பயின்று 1988இல் கேப்காமில் சேர்ந்தவர், 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டின் பெரும்பாலான மெட்டுகளை இயற்றியவர், பட்டியலில் ஷிமோ-பி. ஒவ்வொரு சண்டைக்காரனுக்கும் ஒரு நாடு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மெட்டு என்பது அந்த விளையாட்டின் அமைப்பு. இந்தியாவுக்கு வாய்த்தவன் தல்சிம்: கழுத்தில் மண்டையோட்டு மாலை, நீளும் கைகால்கள், வாயில் நெருப்பு, பின்னணியில் பிளிறும் யானைகள். கண்ணுக்குத் தெரிவதில் மெச்ச ஒன்றுமில்லை. இந்தியனை இப்படித்தான் வரைவீர்களா என்று அன்றே கோபம் வந்தது. காதுக்குக் கேட்டது மட்டும் வேறுமாதிரி இருந்தது. அது எங்கள் நாட்டு இசை அன்று. எந்த ராகத்திலும் அதை நிறுத்த முடியாது. ஆயினும் தொலைவில் இருக்கும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாட்டைக் கற்பனை செய்யும்போது எழும் ஏக்கம் அதில் இருந்தது, கேலி இல்லை. உயிர்க்கோடு குறைந்ததும் மெட்டு வேகமெடுக்க, அருகில் நின்றவர்கள் நாற்காலியைத் தட்டித் தாளம் போட, நான் அந்த நெருப்புக்காரனோடு தோற்றுக்கொண்டே இருந்தேன். அதை இயற்றிய பெண்ணுக்கு அப்போது இருபது வயதுகளின் தொடக்கம் என்று அறிந்தபோது எனக்குப் பழைய கோபத்தில் பாதி போய்விட்டது. பெயர் தெரிவதால் வரும் பயன்களுள் இதுவும் ஒன்று.

புனைபெயரே கூடாது என்பது என் வாதமன்று. பெயர் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று எங்கள் மொழி ஈராயிரம் ஆண்டுகளுக்கு அருகில் யோசித்து வைத்திருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களைப் பாடியவர் யாரென்று தெரியவில்லை. அவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. 'தொகுப்பில் சேர்த்தவன் நான், ஆகவே பாடல் என்னுடையது' என்று சொல்லவும் இல்லை. பாடலில் வரும் தொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். நாற்பதாம் பாட்டின் புலவர் செம்புலப்பெயனீரார். அடுத்த பாட்டுக்கு உரியவர் அணிலாடு முன்றிலார். செம்மண்ணில் விழுந்த மழைநீரையும், அணில் விளையாடும் ஆளில்லாத முற்றத்தையும் அன்றி இவர்களைப் பற்றி நமக்கு வேறெதுவும் தெரியாது. உங்களுக்கோ அந்த இக்கட்டுக்கூட இல்லை. உங்கள் இசையமைப்பாளர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் சம்பளம் கொடுத்த கணக்கு உங்கள் அலமாரியிலேயே இருக்கும்.

வீட்டுப் பெட்டி பழுதான பிறகு, கல்லூரி விடுதியில் ஒருவனுடைய கணினியில் எமுலேட்டர் வழியாக, அதாவது பழைய கருவியைப் போலவே கணினியை நடக்கவைக்கும் மென்பொருள் வழியாக, விளையாடிய க்ரோனோ ட்ரிக்கரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் இசையமைப்பாளர் யசுனோரி மிட்சுதா 1992இல் ஸ்கொயரில் (இன்றைய ஸ்கொயர் எனிக்ஸ்) சேர்ந்து, வாள் உரசும் ஓசையும் கதவு திறக்கும் ஓசையும் செய்துகொண்டிருந்தவர். இசையமைக்க வாய்ப்புத் தராவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று தலைமைப் பொறுப்பிலிருந்த ஹிரோனோபு சகாகுச்சியிடம் நேராகச் சொன்னார், அவரும் கொடுத்தார். நடுவில் கணினியின் வன்தட்டு பழுதாகிப் பல மெட்டுகள் அழிந்தன. இரவு பகலாக உழைத்து வயிற்றுப்புண் வந்து மருத்துவமனையில் படுத்தார். மீதியை நொபுவோ உயேமட்சு முடித்துக்கொடுத்தார். 1995இல் விளையாட்டு வெளிவந்தது. அதில் மேகங்களுக்கு மேலே மிதக்கும் ஒரு பழைய அரசு வருகிறது. அங்கே ஒலிக்கும் மெட்டில் சிதாரைப் போன்ற ஒரு தந்தி நாதம் விட்டுவிட்டு மீட்டப்படும். அந்த விளையாட்டு ஓடிய, ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமின் ஒலிப்பகுதியில் 64 கிலோபைட் நினைவகமும் எட்டுக் குரல்களும் மட்டுமே. அதற்குள் அந்த நாதத்தைச் சுருட்டி வைத்திருக்கிறார். விடுதி அறையில் நள்ளிரவில் அதைக் கேட்டபோது, எனக்கு நன்கு தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாத உயரத்தில் வைக்கப்பட்டிருப்பதாகத் தோன்றியது. கதையை மறந்துவிட்டு, அந்த இடத்தைவிட்டு நகராமல், கதாநாயகச் சிறுவனை ஒரே மண்டபத்தில் நிறுத்திவைத்து அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள் நின்றால் இசையும் நிற்காமல் காத்திருக்கும் என்பது இந்தக் கலைக்கு மட்டுமே உரிய பெருந்தன்மை.

கோண்டோவிடம் இன்னொரு முறை திரும்ப வேண்டியிருக்கிறது. 1998இல் வந்த ஆகரினா ஆஃப் டைம் என்ற செல்டா விளையாட்டில், கதாநாயகன் கையில் ஒரு சிறு ஊதுகுழல் இருக்கிறது. அதை ஐந்து பொத்தான்களால் நாமே வாசிக்க வேண்டும். கீழேயிருந்து மேலாக அந்த ஐந்தையும் அழுத்திப் பார்த்தால், முதல் சுரத்தை ஆதார ஷட்ஜமாகக் கொண்டு, சாதாரண காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், மேல் ஷட்ஜம் என்று வருகிறது. ரிஷபமும் இல்லை, மத்தியமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. இந்தப் பஞ்சத்தில் மழை வரவழைக்கும் பாட்டையும், குதிரையை அழைக்கும் பாட்டையும், பகலை இரவாக்கும் பாட்டையும் ஒன்றோடொன்று குழம்பாமல் அவர் வைத்திருக்கிறார். காட்டில் வாழும் தோழியின் பாட்டு, காந்தாரம் பஞ்சமம் தைவதம் என்ற மூன்று சுரங்களை இரண்டு முறை சொல்வதோடு தொடங்குகிறது. அவ்வளவுதான், ஆனால் என் மகள் அதை ஒரே தடவை கேட்டுவிட்டுப் புல்லாங்குழலில் வாசித்தாள். அவளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, "யாரும்மா இதை இயற்றினவர்? கைதேர்ந்தவராக இருக்க வேண்டும்" என்று கேட்டார். அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடிந்தது. அது உங்கள் வெளியீடுகளால் முடிந்ததன்று, ரசிகர்கள் தேடிச் சேர்த்து வைத்த குறிப்புகளால் முடிந்தது.

2024 அக்டோபர் இறுதியில் நிண்டெண்டோ தன் இசைக்கென்று ஒரு செயலியை வெளியிட்டது. சில மெட்டுகளை ஒரு மணி நேரம் வரை நீட்டித்துக் கேட்கும் வசதி அதில் உண்டு. சுற்றிவரும் இசையின் இயல்பைப் புரிந்துகொண்டு செய்த வசதி அது, மகிழ்ச்சி. கதையின் முடிவு தெரிந்துவிடாதபடி சில மெட்டுகளை மறைத்துவைக்கும் ஏற்பாடுகூடச் செய்திருந்தார்கள். இவ்வளவு யோசித்தவர்கள், வெளியீட்டின்போது எந்த மெட்டோடும் அதை இயற்றியவர் பெயரைச் சேர்க்கவில்லை. விளையாட்டின் பெயரும் படமும் ஆண்டும் இருந்தன, மனிதர் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2023இல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காத்துவைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் மாரியோவின் இசையைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை ஒன்று அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. அந்தப் பட்டியலில் கோஜி கோண்டோ, இசையமைப்பாளர் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வேற்று நாட்டு நூலகம் எழுதிய பெயரை அவர் பணிபுரியும் நிறுவனத்தின் சொந்தச் செயலி எழுதாமல் விட்டது எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யூடியூபில் பழைய விளையாட்டுகளின் இசையை ஏற்றிவந்த ஒருவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உரிமை மீறல் என்று தடுக்கப்பட்டு, அவர் அந்தச் சேனலையே மூடிவிட்டார். உரிமை உங்களுடையது, சட்டப்படி அதில் தவறு காண எனக்கு இடமில்லை, அதுவும் திருட்டுக் கேசட்டில் வளர்ந்த நான் பேசக்கூடாது. ஆனால் உரிமையோடு ஒரு கடமையும் கூடவே வருகிறது. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை. அதே ஆண்டு மார்ச் 27 அன்று நிண்டெண்டோ தன் இரண்டு பழைய கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. விளையாட்டு கிடைக்காமல் போனால் இசையும் போகும். இறுதித் திரையில் ஏறிக்கொண்டிருந்த பெயரும் அதோடு போகும். ரசிகரின் பதிவையும் எடுத்துவிட்டு, உங்கள் பதிப்பிலும் பெயரைப் போடாமல் விட்டால் அப்புறம் அதைத் தேடுபவன் எங்கே போவான்?

உங்களில் சிலர் நெடுங்காலமாகவே இதைச் செம்மையாகச் செய்துவருகிறீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1994இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி ஆறாம் பாகத்தின் தொடக்கத்தில், பனிவெளியில் மூன்று இயந்திரங்கள் நடந்துபோக, திரைப்படத்தில் வருவதுபோல ஆக்கியவர்களின் பெயர்கள் அதன்மேல் தோன்றும். பின்னணியில் உயேமட்சுவின் மெட்டு. தோற்பவனும் ஜெயிப்பவனும் ஒருசேரப் பெயரைப் பார்த்துவிட்டே உள்ளே போக வேண்டும். 1987இலேயே கோய்ச்சி சுகியாமா தம் டிராகன் குவெஸ்ட் இசையை டோக்கியோவில் மேடையேற்றினார்; 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அரங்குக்குள் நடந்து வந்தபோது முதலில் ஒலித்ததும் அவருடைய அதே மெட்டுதான். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் அவர் காலமானார். தம் பெயரை மறைக்காமல் வைத்துக்கொண்ட மனிதர் என்பதால் அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் பெயரை உரக்கச் சொல்ல என்னால் முடிந்தது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியாதவையல்ல. அவர்கள் மாதச் சம்பளம் வாங்கிய ஊழியர்கள், படைப்பு நிறுவனத்துடையது என்பீர்கள். நான் உரிமையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. காசில் பங்கு கேட்கவும் இல்லை. ஒரு விளையாட்டுக்குப் பலர் சேர்ந்து இசையமைத்தார்கள், எந்த மெட்டு யாருடையது என்ற குறிப்பு இப்போது கிடைக்கவில்லை என்பீர்கள். கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். சேர்ந்து செய்தவர்களின் பெயர்களை ஒன்றாகப் போடுங்கள். சிலர் தங்கள் பெயர் வெளிவருவதை விரும்பவில்லை என்பீர்கள். அப்படியானால் அவர்கள் விரும்பும் புனைபெயரைப் போடுங்கள்; யூகிச்சானின் அப்பா என்று போட்டாலும் போதும், எங்களுக்கு அதில் மரியாதைக் குறைவு எதுவும் தோன்றாது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. செயலியிலோ இசைத்தட்டிலோ மறுவெளியீட்டிலோ எங்கே ஒரு பழைய மெட்டை வைத்தாலும், அதை இயற்றியவர் பெயரையும், அந்த ஐந்து குரல்களுக்குள் அதைப் பொருத்திக்கொடுத்த ஒலி நிரலாளர் பெயரையும், கேட்பவர் தேடிப் போகாமலே தெரியும் இடத்தில் வையுங்கள். புனைபெயரில் மறைந்தவர்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். மனாமி மட்சுமயேயை 2014இல் ஷவல் நைட் என்ற புதிய விளையாட்டை ஆக்கிய அமெரிக்கக் குழு தேடிப் பிடித்து இரண்டு மெட்டுகள் கேட்டு வாங்கியது. அந்த விளையாட்டில் அவர் பெயர் அவர் பெயராகவே இருக்கிறது. முதல் மெகா மேன் வந்து அப்போது இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முடிக்கும் முன் தனிப்பட்ட விசாரணை ஒன்றும் உண்டு. எங்கள் கேசட்டில் பதினோராவதாக ஒரு படகு விளையாட்டு இருந்தது. முகப்பு வெட்டப்பட்டிருந்ததால் அதன் பெயர் தெரியாது. எந்த நிறுவனத்துடையது என்பதும் தெரியாது. படகு பாறையில் மோதும்வரை ஒலிக்கும் அதன் மெட்டு மேல் ஷட்ஜத்தில் தொடங்கி, தைவதம், பஞ்சமம், காந்தாரம் என்று படியிறங்கி, ரிஷபத்தில் கொஞ்சம் தயங்கி நின்று, மறுபடியும் பஞ்சமத்துக்கு ஏறும். மோகனம் என்று என் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார், கூடவே, "இசை யாருடா?" என்றும் கேட்பார். அது உங்களில் யாருடைய அலமாரியிலாவது இருந்தால், அம்மாவுக்குச் சொல்ல அந்தப் பெயரை எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு நேயர்